லேட் ரிஜிஸ்தரில் ஏறிய கல்யாணக் குதிரை

“என் ஸ்கூட்டரை இன்னிக்குக் குதிரை இழுத்துட்டு வந்துச்சு சார். நடுவுல அது டான்ஸ் ஆடிட்டதாலதான் நாலு நிமிஷம் லேட்டு.”

டைம் ஆபீஸ் ஜன்னலில் தலையை நுழைத்து, வேர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு ரூஃபஸ் இதைச் சொன்னபோது, உள்ளே உலகநாதன் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

“போன மாசம் தென்னமரம் விழுந்துச்சு. அதுக்கு முந்தி எருமை குறுக்கே வந்துச்சு. இப்ப குதிரையாய்யா?”

தென்னமரமும் எருமையும் முழுப் பொய். குதிரை மட்டும் நிஜம். பதினோரு வருஷமாகக் கேன்டீனில் அளந்த அளப்புக்கு, ஒரு நிஜத்தை வைத்துக்கொண்டு இப்படி முழிக்க வேண்டியிருக்கும் என்று ரூஃபஸ் எதிர்பார்க்கவில்லை. இது இந்த மாதத்தின் மூன்றாவது லேட். சிவப்புக் கோடு விழுந்தால் ஒரு நாள் லீவு போச்சு. மிச்சமிருக்கும் லீவோ வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்வரச் சரியாக ஐந்தே நாள். டிக்கெட் எடுத்தாயிற்று. மனைவி செலின் பெட்டிகூடக் கட்டிவிட்டாள். லீவு போனால் மாதாவிடம் மன்னிப்பு கிடைக்கும், செலினிடம் கிடைக்காது.

“உன் ஸ்கூட்டர் மலக்பேட் ரேஸ் குதிரை ஜாதின்னுதானே சொல்லுவே?” என்றார் உலகநாதன். “ரேஸ் குதிரையை இன்னொரு குதிரை எதுக்குய்யா இழுக்கணும்?”

நியாயமான கேள்வி. ஊரிலுள்ள வண்டிக்கெல்லாம் குதிரை ஜாதி பிரித்தவனே ரூஃபஸ்தான். அம்பாசடர் பட்டாளத்து வேலர் குதிரை. குடும்பத்தையே சுமக்கும், திரும்புவதற்கு மட்டும் பரேடு கிரவுண்டு வேண்டும். ஃபியட் அரபிக் குதிரை, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு போகும். புல்லட் மார்வாரிக் குதிரை, எஜமானைத் தவிர வேறு யார் உதைத்தாலும் திருப்பி உதைக்கும். ஃபாக்டரி பஸ் சீமையில் ஏர் உழுகிற பெருங்குதிரை, அவசரம் என்றால் என்னவென்றே அறியாதது. தன் ஸ்கூட்டருக்கு மட்டும் ரேஸ் குதிரைப் பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டான்.

“ரேஸ் குதிரை இல்ல சார். அது மட்டக்குதிரை, அதுலயும் நொண்டி” என்று ரூஃபஸ் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தான். “தார்நாக்காவுல படுத்துடுச்சு.”

நடந்தது இதுதான். ராத்திரி கல்யாண ஊர்வலம் முடித்துச் சம்கி முகபடாமோடு திரும்பிக்கொண்டிருந்த வெள்ளைக் குதிரையின் சேணத்தில் ரூஃபஸ் தன் ஸ்கூட்டரைக் கயிற்றால் கட்டிவிட்டான். குதிரைக்காரன் சாந்த் பாஷா முன்னால் நடக்க, ரூஃபஸ் மாப்பிள்ளை மாதிரி பின்னால் ஹாண்டிலைப் பிடித்து உட்கார்ந்து வந்தான். ஹப்சிகுடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின ஒத்திகை. பேண்டு முழங்கியது. பேண்டுக்கு ஆடிப் பழகிய குதிரை நடு ரோட்டில் முன்னங்காலைத் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டது.

“அடிச்சு ஓட்டுப்பா!”

“நக்கோ சாப், வேணாம்! பேண்டு நிக்கற வரைக்கும் இது நகராது.”

ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து, கால் மைல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்திருந்தான்.

“கதை நல்லாத்தான் இருக்கு” என்று உலகநாதன் பேனாவைத் தாளில் வைக்கப் போனபோது ஃபாக்டரி பஸ் உள்ளே நுழைந்தது. எட்டு மணி ஷிஃப்டுக்கு வரவேண்டியது; இப்போது மணி எட்டு பன்னிரண்டு. அதிலிருந்து உதவி மேனேஜர் இராமச்சந்திரன் மூக்கு சிவக்க இறங்கினார்.

“உலகநாதன்! பஸ் லேட்டுக்குக் காரணம் எழுதுங்க. ஹப்சிகுடா ரோட்டை அடைச்சுக்கிட்டு ஒரு குதிரை டான்ஸ் ஆடுது. எவனோ அதுல ஸ்கூட்டரைக் கட்டி இழுத்துட்டு வந்தானாம். அந்த முட்டாள் மட்டும் என் கையில கெடைச்சான்னா...”

வாயை மூடிக்கொண்டால் அவர் கையில் சிக்காமல் தப்பிக்கலாம், லீவு போகும். ரூஃபஸ் செலினை நினைத்துக்கொண்டான்.

“அந்த முட்டாள் நான்தான் சார்!” என்றான், பதக்கம் வாங்கப் போகிறவனைப் போல.

இராமச்சந்திரன் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவிழ்த்த கயிறு இன்னும் கையில் இருந்தது; அதில் ஒட்டிய குதிரைச் சம்கி மினுங்கியது. அவர் வாயைத் திறந்தார்; திட்டு வருவதற்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

உலகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அறுபது பேருக்கு ஒரே காரணம் எழுதியாக வேண்டும்; அறுபத்தோராவது ஆளை அதிலிருந்து எப்படித் தள்ளுவது? சிவப்புப் பேனாவை மூடி, நீலப் பேனாவை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் ‘குதிரை ஆடியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“நடந்திருக்குய்யா” என்றார், பல்வலிக்காரர் குரலில். “நெஜமாவே நடந்திருக்கு.”