இந்தக் கப்பல்தான் வேண்டும்

கடிதத்தின் முதல் வரியே ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று ஆரம்பித்தது. பாவிகள். பதினோரு மாதத்துக்கு முன்பே நான் பதிவு செய்து வைத்திருந்த ஏழு நாள் கப்பல் பயணத்தை ரத்து செய்துவிட்டு, அதில் இவர்களுக்கு என்ன மகிழ்ச்சி என்று மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் விளங்கியது. ஏதோ ஒரு கம்பெனி, தன் ஆட்கள் கூடிக் கொண்டாடுவதற்காக முழுக் கப்பலையும் தனியாக எடுத்துக்கொண்டதாம். அதனால் எங்களுக்கு அதே வாரத்தில் வேறொரு கப்பலாம். இதைவிடப் பெரியதாம், புதியதாம், அறைக்கு பால்கனி வேறு உண்டாம். கூடுதலாக ஒரு காசு தர வேண்டாமாம். அந்த மகிழ்ச்சியைத்தான் தெரிவித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு பால்கனி வேண்டாம். எனக்கு என் புருஷன் வேண்டும். அவர் அந்தக் கப்பலில்தான் வேலை பார்க்கிறார்.

ஐந்தாம் தளம், இடது பக்கம், பதினாறு அறைகள் அவருடைய பொறுப்பு. படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது, துண்டு மடிப்பது. வீட்டில் இருந்தபோது ஒரு போர்வையைக்கூட மடித்து வைத்ததில்லை, கழற்றிப் போட்ட சட்டை போட்ட இடத்தில்தான் கிடக்கும். கல்யாணமாகி ஒன்பது வருஷம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்து வாழ்ந்திருப்போம். எங்கள் பெண்ணுக்கு ஏழு வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம், பார்த்தால் காரணம் புரியும். அவள் அப்பாவை நேரில் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

அந்தக் கப்பலில் மேலதிகாரிகள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டி வரலாம். படுக்கை விரிக்கிறவர்கள் வரக்கூடாது. அவர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்வதில்லை. அதனால் நான் எல்லாரையும் போலக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். அவர் பொறுப்பில் இருக்கிற பதினாறில் ஓர் அறையை எண் பார்த்து எடுத்தேன். காலையில் அறையைச் சுத்தம் செய்ய இருபது நிமிஷம், சாயந்திரம் படுக்கையைச் சரிசெய்யப் பத்து நிமிஷம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் எங்களோடு இருப்பார், கதவைச் சாத்திக்கொண்டு. ஏழு நாளைக்கு மூன்றரை மணி நேரம். அந்த மூன்றரை மணி நேரத்துக்குத்தான் இந்த உல்லாசப் பயணம்.

யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் ஒரே சிக்கல். ‘பயணியிடம் நெருங்கிப் பழகினார்’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். ஆகவே வாலுவுக்கு இரண்டு மாதமாகப் பயிற்சி கொடுத்து வந்தேன். கதவு சாத்தியிருந்தால் அவர் அப்பா. வராந்தாவில், மாடிப்படியில், வேறு யார் இருந்தாலும், அவர் அங்கிள். கழுதை, நான் நினைத்ததைவிட நன்றாகவே தேறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாரத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது, கப்பலும் உலகத்தின் அந்தப் பக்கம் போகிறது. அவரும் வீட்டுக்கு வராமல் அப்படியே இன்னும் எட்டு மாதம் அதிலேயே இருப்பதாகப் பேச்சு. வீட்டுக் கடன், பள்ளிக்கூடம், வழக்கமான காரணங்கள். நான் சரி என்று சொன்னதே இந்த ஏழு நாளை நம்பித்தான். இப்போது ஏழு நாளும் இல்லை, எட்டு மாதம் மட்டும் அப்படியே நிற்கிறது. வயிறு எரியுமா எரியாதா?

நான் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கிறேன். கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் இயந்திரம் உள்ள பின்னறையில், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். அங்கே நின்றுகொண்டுதான் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டு கேட்க வைத்துவிட்டு, தேன் தடவிய குரலில் ஒரு பெண் வந்தாள்.

“வணக்கம் மேடம், எப்படி இருக்கீங்க?”

“நல்லாவே இல்ல. எனக்கு நான் புக் பண்ணின கப்பல்தான் வேணும்.”

“புரியுது மேடம். ஆனா அதைவிட நல்ல கப்பல்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கோம். பால்கனியோட...”

“பால்கனியை நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு அது வேணும். அதே ரூம்.”

“அந்தக் கப்பல் முழுசா ஒரு தனிக் குழுவுக்குக் கொடுத்தாச்சு மேடம்.”

“யாரு அந்தக் குழு?”

“அது தனிப்பட்ட விவரம், வெளியே சொல்ல மாட்டோம் மேடம்.”

“அவங்க விவரம் தனிப்பட்டது. என் பயணம் மட்டும் யாரு வேணா தூக்கிப் போடலாமா? பதினோரு மாசம் முன்னாடி காசு வாங்கும்போது இந்தக் குழு எங்க இருந்துது?”

“விதிமுறைகள்ல இருக்கு மேடம், பன்னெண்டாவது பக்கம்.” அவள் குரலில் இன்னமும் தேன் குறையவில்லை. “தப்பா நினைக்காதீங்க, அந்தக் கப்பல்ல அப்படி என்ன மேடம் இருக்கு?”

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். தினமும் வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் நாற்காலியில் படுத்திருப்பவர்களைப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் அவர்கள் அவஸ்தை தெரிந்தது.

“அதோட... கலர் பிடிச்சிருக்கு.”

“ரெண்டு கப்பலுமே வெள்ளைதான் மேடம்.”

“எனக்கு அந்த வெள்ளைதான் பிடிச்சிருக்கு!” என்று கத்தினேன்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், ஒன்று பெரிய கப்பல், இல்லையென்றால் பணம் திரும்ப, என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். திரும்பினால் டாக்டரம்மா கையுறையோடு வாசலில் நிற்கிறார்.

“நீ கத்தினது வெளிய ஹால் வரைக்கும் கேட்டுச்சும்மா. பல் பிடுங்க வந்தவர் எழுந்து போயிட்டார். உள்ள யாருக்கோ பிடுங்கறோம்னு நினைச்சிருப்பார்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருவிகளைத் தட்டில் போட்ட சத்தத்தில் அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

மூன்றரை மணிக்கு என் புருஷனுக்கு இடைவேளை. அழைத்தார். கப்பலின் அடித்தளத்தில் எங்கோ குழாய்களுக்கு நடுவில் நின்று பேசுவார், பின்னால் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் கம்பெனிக்காரர்களைக் குடும்பத்தோடு கரித்துக்கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி விடு” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்ன, சரி விடு?”

“என்ன பண்ண முடியும்? பெரிய இடத்து ஆளுங்க. வேற மாதிரி நடக்கும் எல்லாம். ஒவ்வொரு ரூமுக்கும் அவங்க பேரு தைச்ச அங்கி, செருப்பு. போன மாசமே பெட்டி பெட்டியா வந்து இறங்கிடுச்சு, எண்ணி அடுக்கறதுக்குள்ள இடுப்பு...”

நிறுத்திக்கொண்டார். ஆனால் தாமதம்.

“போன மாசமா?” என்றேன்.

“அது வந்து...” என்று இழுத்தார்.

“எனக்கு இன்னிக்குக் காலையிலதான் கடிதம் வந்துது. உனக்குப் போன மாசமே தெரியுமா?”

நான் அவரை ‘நீங்க’ என்றுதான் சொல்வேன். ‘நீ’ வந்துவிட்டால் தப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

“ஆறு வாரம் ஆச்சு, எங்ககிட்ட சொல்லி” என்றார். “முதல்ல மாறிடும்னு நினைச்சேன்.”

“போன ஞாயித்துக்கிழமை வாலு பெட்டி அடுக்கிக் காட்டினாளே. நீச்சல் உடை, புதுச் செருப்பு, ஒண்ணொண்ணா எடுத்து. ‘சூப்பர்’னு சொன்னியே! நான் டாக்டரம்மா கால்ல விழாத குறையா லீவு வாங்கியிருக்கேன். ஆறு வாரம் என்னை முட்டாளாக்கிட்டு நின்னிருக்கே! ஏன் சொல்லல?”

“நிம்மதியா இருந்துச்சு.”

“என்ன?”

“நீங்க ரெண்டு பேரும் வரலைன்னதும் நிம்மதியா இருந்துச்சு. கோவப்படாதே.”

கோபப்படாதேயாம்! கையில் ஏதாவது இருந்திருந்தால் வீசியிருப்பேன். இருந்தது போன் மட்டும்தான், அதில் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“நீ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தியே. ரெண்டு மாசம் முன்னாடி, நான் போன்ல வந்தவுடனே ‘ஹலோ அங்கிள்’னா. நீ பக்கத்துல கை தட்டினே. நானும் சிரிச்சேன். அப்புறம் மேல வேலைக்குப் போனேன், கையே ஓடல. ஒரு துண்டை எத்தனை தடவை மடிச்சேன்னு தெரியாது.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“வராந்தால பயணிங்க வந்தா நாங்க சுவரோட ஒட்டி, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கணும். ‘குட் மார்னிங்’ சொல்லணும். என் பொண்ணு போவா. ‘ஹலோ அங்கிள்’னு சொல்லிட்டுத் தாண்டிப் போவா. ஏழு நாள். அவ நடிக்கறான்னு உனக்குத் தோணுது. அவ நடிக்கலை. அதான் அவ்வளவு நல்லா வருது அவளுக்கு.”

“இதை என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா நீ சண்டை போடுவே.”

“போடுவேன்தான். வேற யாரு இருக்கா உனக்குச் சண்டை போட?”

அந்தப் பக்கம் மணி அடித்தது. இடைவேளை முடிந்தது. “அப்புறம் பேசறேன்” என்று போய்விட்டார். அவருக்கு எப்போதும் இப்படி ஒரு மணி அடித்துவிடும்.

மாலையில் வீடு வரைக்கும் நடந்தே போனேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவரைக் கடித்திருப்பேன். முதலில் கம்பெனியைத் திட்டினேன், பிறகு பேர் தைத்த செருப்புக்காரர்களை, பிறகு ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷனை. கடைத்தெருவைத் தாண்டும்போது திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோய் என்னிடம் வந்து நின்றது. பெற்ற பெண்ணை அப்பாவைத் தெரியாதது போல நடக்கப் பழக்கியது நான். அவள் சரியாகச் செய்தபோது கை தட்டியதும் நான். மூன்றரை மணி நேரத்தைப் பதினோரு மாதம் ஏதோ பெரிய வரம் போலப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேனே, அது எவ்வளவு சின்னது என்று ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை. நடுத்தெருவில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வாலு கீழ்வீட்டில் நாத்தனாரோடு இருந்தாள். நான் வேலைக்குப் போகும் நாளில் பள்ளியிலிருந்து அவர்தான் கூட்டி வருவார்.

“வாங்க கப்பல் மகாராணி” என்றார் நாத்தனார். என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

வாலுவை மடியில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று முந்தானையைத் தயாராகப் பிடித்திருந்தேன். அவள் மடியிலேயே திரும்பி உட்கார்ந்தாள்.

“அந்தப் பெரிய கப்பல்ல தண்ணில சறுக்கற சறுக்கு இருக்குமா?”

“இருக்கும்.”

“அப்போ அதுலயே போலாம்மா.”

“அதுல அப்பா இல்லையேடி.”

“பரவாயில்லம்மா” என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி என் கன்னத்தைத் தட்டினாள். “அப்பாகூடத்தான் போன்ல பேசிக்கலாமே.”

நாத்தனார் திரும்பிக்கொண்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வரை நான் காத்திருக்கவில்லை. மாடிப்படி ஏறும்போதே போன் போட்டேன். இந்த முறை பாட்டு இருபது நிமிஷம்தான். அதே தேன் குரல்.

“பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க” என்றேன்.

“பால்கனி வேண்டாமா மேடம்? வேணும்னா இன்னும் ஒரு தளம் மேலகூட...”

“வேண்டாம்.”

“சரி மேடம். படிவத்துல ஒரு காரணம் போடணும். என்ன போடட்டும்?”

“எழுதிக்கோங்க. என் புருஷன் வீட்டுக்கு வரார்.”

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. “ரொம்ப சந்தோஷம் மேடம்” என்றாள். முதல் தடவையாக அது மனுஷக் குரலாக இருந்தது. “வெளியூர்ல இருக்காரா? எப்போ வரார்?”

“இந்த ஒப்பந்தம் முடிஞ்ச மறுநாள்” என்றேன். “அவருக்கே இன்னும் தெரியாது. நீங்க வைங்க, அவருக்குத்தான் போன் பண்ணப் போறேன்.”