வெயில் பட்ட பரிசல்

எருமைத்தோல் போர்த்திய பரிசலுக்கு வெயில் ஆகாது. கண்மாய் வற்றியதும் வீட்டுக்குள் கொண்டுவந்து, கல் மேல் கவிழ்த்து, மாதம் ஒருமுறை புங்க எண்ணெய் பூச வேண்டும். வெளியே கிடந்தால் நாய் தோலைக் குதறிவிடும். இதெல்லாம் பரிசல்காரன் சங்கிலிக்குத் தெரியும். கட்டிக்கொண்டு வந்து நாலே மாதமான சிவனம்மாளுக்கு யார் சொன்னார்கள்? அந்த மனுஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே!

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் அவன் கொடைரோடு போயிருந்தான். ஒற்றை அறையில் பாதியை அடைத்துக் கிடந்த பரிசலில் பூசணம் பூத்து, நாற்றம் குடலைப் புரட்டியது. வத்தலோ தலையணையோ, பூசணம் கண்டால் வெயிலில் போடுவதுதானே வழக்கம்? பாவம், நல்லது செய்வதாக நினைத்துத்தான் அதைக் கழுவி வாசலில் காயவைத்தாள். நாய் வராமல் கம்போடு காவலும் இருந்தாள். பொழுது சாய்வதற்குள் எருமைத்தோல் விறைத்து, அடியில் சாண் நீளத்துக்கு வெடித்துவிட்டது.

அவர்கள் பிழைப்பே அந்தப் பரிசல்தான். அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து வெடிப்பில் அப்பி, பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள்.

வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் இவளுக்கு உயிர் போய் உயிர் வரும். சொல்ல வாய் வரைக்கும் வரும், முழுங்கிவிடுவாள். பரிசலை ஏறிட்டுப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி மழை வேண்டாமென்று கும்பிட்டாள்.

ஐப்பசியில் கண்மாய் நிரம்பியது. அக்கரைக்குக் களையெடுக்கப் போகும் பெண்கள் ஐந்து பேர் ஏறினார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. சங்கிலி துடுப்பை எடுத்ததும் சிவனம்மாள் தண்ணீருக்குள் ஓடி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க! அடியில வெடிச்சிருக்கு. நாந்தேன் வெயில்ல போட்டேன், கரியை அப்பி மறைச்சேன். எல்லாரையும் எறக்குங்க!"

சங்கிலி சிரித்தான். "அன்னிக்கே தெரியும் புள்ள. நீ நத்தத்துக்கு ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போனப்பவே ஒட்டுப்போட்டுத் தச்சு, தார் பூசிட்டேன். நீயாச் சொல்றியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பெண்களும் சிரித்தார்கள். சிவனம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்ற நிம்மதி ஒரு நொடிதான், அதன்பின் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆறு மாசமாச் சோறு எறங்காமக் கெடந்தேனே, அதையும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

அவன் முகம் செத்துப்போயிற்று. துடுப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

"தப்புத்தேன் புள்ள."

"அதையும் ஆறு மாசம் கழிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கரையேறி நடந்தாள்.