பதினாலுக்குப் பதினாலு

1981 ஆவணி மாதம் இலஞ்சியில் ஆவுடையப்பன் வீட்டு டிவியின் இடப்பக்கமாக வெளியே போன பந்து, நாற்பத்தோரு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அதே பக்கமாகத் திரும்பி வந்து உள்ளே நுழைந்தது. பந்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அது சோப்புக்கட்டி அளவில், வெள்ளை வெளிச்சத்தாலான ஒரு சதுரம். ஆவுடையப்பன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். அந்த வருஷ லீவில் வந்தபோது ஒரு சின்ன டிவியும், அதில் பொருத்தி ஆடும் வீடியோ கேம் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். தென்காசிப் பக்கம் டிவியில் எந்தப் படமும் வராத காலம் என்பதால் அந்த டிவிக்கு ஆட்டம் காட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆட்டமும் சாதாரணம்தான். இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கட்டை, நடுவே பந்து. கையிலிருக்கும் திருகைத் திருப்பினால் கட்டை ஏறி இறங்கும். முதலில் பதினைந்து எடுத்தவர் ஜெயித்தவர். அத்தோடு பந்து மறைந்துவிடும். மகள் சந்தனமாரிக்கு அப்போது பதினோரு வயது. அப்பாவை அவள் ஆசைதீரப் பார்த்ததே அந்த ஒரு மாதத்தில்தான், அதுவும் பக்கவாட்டில், டிவி வெளிச்சத்தில். அவர் கட்டையின் நுனியால் சீவிப் பந்தை எப்போதும் மேல்மூலை வழியாகவே அனுப்புவார் என்பது அவளுக்கு அத்துப்படி. அவர் வெளியே போயிருந்தால் அவள் ஒற்றை ஆட்டம் ஆடுவாள். அதில் எதிரே ஆளுக்குப் பதில் சுவர் நிற்கும். நேரே அடித்த பந்து நேரே திரும்பி வரும். அது அவளுக்குச் சப்பென்று இருக்கும்.

அவர் கிளம்புகிற அன்று ஆட்டம் பதினாலுக்குப் பதினாலில் நிற்கும்போது வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. சந்தனமாரியின் முகம் போன போக்கைப் பார்த்த ஆவுடையப்பன், கட்டிங் பிளேயரால் தன் திருகின் வயரை நறுக்கி, திருகைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். “நீ அடிச்சு அனுப்பு தாயி. நான் அங்கன இருந்து அடிச்சுக்கிடுதேன்” என்றார். அவள் அடித்தாள். டிவி வடக்குச் சுவரோரம் இருந்ததால் அதன் இடப்பக்கம் மேற்கு. பந்து டிவியை விட்டிறங்கி, மேற்கு ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைத் தாண்டிச் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் போயிற்று. அவளுடைய எண்ணிக்கை பதினைந்தாகவில்லை.

அதன்பிறகு நாற்பத்தோரு நாளுக்கு ஒருமுறை பந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் கிழமை ஒன்று முந்தும். மேல்மூலைப் பந்து என்பதால் அது மலையுச்சியில் ஏறி, குற்றாலத்து அருவியோடு இறங்கித்தான் வீட்டுக்கு வரும். அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் கொஞ்சம் சாய்த்து வழி விட்டார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் வந்தால் ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு கரண்ட் வரும்வரை காத்திருக்கும். ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே நுழைவதால், ஒவ்வொரு முறையும் அம்மா பாலம்மாள் பழைய வேட்டித் துணியால் டிவியைத் துடைத்து வைப்பாள். அப்பாவின் கடிதங்களில் நலம், நலமறிய ஆவல் என்பதைத் தாண்டி அதிகம் இருக்காது. சந்தனமாரி பந்தைத்தான் படித்தாள். அவர் தவறவிட்டால் தனக்குப் பதினைந்து, தான் தவறவிட்டால் அவருக்குப் பதினைந்து. எப்படியானாலும் ஆட்டம் முடிந்துபோகும் என்ற பயத்திலேயே அவள் பந்தை அவர் கைக்கு வாகாக நடுவில் நேரே அடித்து அனுப்பினாள்.

1984 பங்குனியில் ஆவுடையப்பனோடு வேலை பார்த்த கடையநல்லூர் கிதிர் முகம்மது வீடு தேடி வந்தார். கட்டிட வேலை நடந்த இடத்தில் சாரத்தோடு மண்ணும் சரிந்து, அதற்குள் போனவர்களில் ஆவுடையப்பனும் ஒருவர் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். “தேடாத இடம் இல்ல மதினி” என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஆவுடையப்பனின் அண்ணன் குத்தாலிங்கம் சொந்தக்காரர்களைக் கூட்டினார். பதினாறாம் நாள் பாலம்மாளின் தாலியைக் கழற்றுவது என்று பேசி முடித்தார்கள்.

“பந்து செவ்வாக்கெழம வரணும் அத்தான். அவுக அடிச்சாத்தான அது வரும். அதுவரைக்கும் பொறுங்க. வரலைன்னா நானே கழத்தித் தாரேன்” என்றாள் பாலம்மாள்.

அதில் நியாயம் இருப்பதாகக் குத்தாலிங்கத்துக்கும் பட்டது. செவ்வாய்க்கிழமை வீடு நிறையச் சனம். சந்தனமாரி திருகைப் பிடித்தபடி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி வாக்கில் பந்து வந்தது. பெண்கள் சத்தமில்லாமல் அழுதார்கள். சந்தனமாரி அடித்து அனுப்பினாள். குத்தாலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆளு இருக்கான், பொறவென்ன” என்று கிளம்பிப் போனார். பாலம்மாள் கழுத்தில் தாலி அப்படியே இருந்தது.

சந்தனமாரி மட்டும் டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை. பந்து மேல்மூலையிலிருந்து வரவில்லை. அவள் அனுப்பிய கோட்டிலேயே, நடுவில், நேரே வந்திருந்தது. ஒற்றை ஆட்டத்தில் சுவர் அனுப்பும் பந்து அது. அந்த வீட்டில் அதைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்தாள். பதினாலு வயதுப் பெண் யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்துவிட்டாள். அவளுக்குத் துக்கம் இல்லாமலா? இருந்தது. ஆனால் அம்மாவின் கழுத்தைப் பார்த்தபோதெல்லாம் அதை உள்ளே தள்ளிக்கொண்டாள்.

அப்புறம் ஐந்து வருஷம் போயிற்று. கொடைக்கானலிலிருந்து டிவியில் படம் வரத் தொடங்கி, தெருவே நாடகம் பார்க்க வந்து உட்கார்ந்தது. நாற்பத்தோராவது நாள் மட்டும் பாலம்மாள் எல்லோரையும் எழுப்பி அனுப்பிவிடுவாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. சந்தனமாரிக்கு அச்சன்புதூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணப் பத்திரிகையில் ஆவுடையப்பன் பெயர் உயிரோடிருப்பவர் பெயராகவே அச்சாகியது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், பந்து வருகிற புதன்கிழமை, அவள் திருகை அம்மா கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தாள். “இனிமே நீதான் அடிக்கணும். ஒண்ணும் கஷ்டமில்லம்மா, நடுவுல வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாப் போதும். நேராத்தான் வரும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாலம்மாள் திருகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்ட்டி” என்றாள். “டிவிய நான் தொடச்சு அஞ்சு வருசம் ஆச்சு. அவுக அனுப்புனா அருவியில நனைஞ்சுல்லா வரும்.”

சந்தனமாரி அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். “பின்ன ஏம்மா தாலிய...”

“நீ அடிச்சுக்கிட்டு இருந்தியே. நான் கழத்திட்டா நீ யாருக்கு அடிப்ப?”

அப்போது ஜன்னல் வழியாகப் பந்து வந்தது, பொட்டு ஈரம் இல்லாமல். பாலம்மாள் கட்டையை நடுவில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பந்து பட்டுத் திரும்பி, தென்னந்தோப்பைத் தாண்டிச் செங்கோட்டைப் பக்கம் போயிற்று. டிவியில் பதினாலுக்குப் பதினாலு நின்றது. “அங்கன ஒரு சுவராச்சும் நிக்குதே” என்று சொல்லி அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலண்டரில் நாற்பத்தோரு நாள் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமையைச் சுழித்து வைத்தாள். பிறகு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.