இரண்டாவது ஆணியில் தொங்கிய ரொட்டி

டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். கசாக்ஸ்தானின் அல்மாத்தி ரயிலில் பல வருடமாக அதுதான் என் பிழைப்பு. டிக்கெட் இல்லாதவன் ஜன்னலைப் பார்ப்பான், தன் செருப்பைப் பார்ப்பான், என்னை மட்டும் பார்க்கமாட்டான். நவ்ருஸ் புத்தாண்டு விடுமுறைக்கு உஸ்பெகிஸ்தானின் கோக்கந்தில் கணவன் வீட்டில் போய் இறங்கிய முதல் நாளே அப்படிப்பட்ட முகங்களைத்தான் பார்த்தேன்.

சஞ்சாரை நான் கட்டிக்கொண்டது போன இலையுதிர் காலத்தில். அவன் எங்கள் ஊரில் சுவர்ப்பூச்சு வேலை செய்பவன். கல்யாணத்துக்கு அவன் வீட்டார் யாரும் எல்லை தாண்டி வரவில்லை. அதனால் இப்போதுதான் முதல் சந்திப்பு. இந்த விடுமுறை முடிந்ததும் நான் ஊர் போய் ரயில்வே வேலையை விட்டுவிட்டு மாமியார் வீட்டோடு வந்து தங்க வேண்டும், அவன் மட்டும் வடக்கே போய்ச் சம்பாதித்து வருவான் என்பது ஏற்பாடு. ஏற்பாடு அவனுடையது. நானும் தலையாட்டியிருந்தேன். அவன் சிரித்துக் கேட்டால் எனக்கு மறுக்க வராது, அதுதான் என் கோளாறு.

வந்ததும் வராததுமாக என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்கள். சுவரில் இரண்டு ஆணிகள், இரண்டிலும் கயிறு கட்டி ஒவ்வொரு ரொட்டி. வெளியூர் போகிறவர்கள் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார்கள், மிச்சத்தை வீட்டார் தொங்கவிட்டுக் காத்திருப்பார்கள், திரும்பி வந்து அவர்களேதான் தின்று முடிக்க வேண்டும். என் தம்பி பட்டாளத்துக்குப் போனபோது எங்கள் அம்மாவும் இதைத்தான் செய்தாள். ஒரு ரொட்டியில் பாதியைக் காணோம்.

"பாத்தியா, இது கடியா கொள்ளையா? போறப்பவே பாதிய முழுங்கிட்டான்" என்று மாமியார் ஹைரி அதை இறக்கினாள். சஞ்சார் கல்லாகிப்போயிருந்த அந்தப் பாதியைத் தேநீரில் முக்கி முக்கித் தின்றான். எல்லோரும் கையேந்தி வேண்டிக்கொண்டார்கள். எனக்கும் கண் கலங்கியது.

பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். அது அப்படியே தொங்கியது. ஓரத்தில் ஒரு சின்னக் கடி, பல் வரிசை தெரிந்தது. நடுவில் அச்சு குத்திய பூவும் சஞ்சாருடைய ரொட்டியில் இருந்த அதே பூ.

"இது யாரோடது அத்தே?"

"அதுவா? எலி கடிச்சது" என்றாள் மாமியார்.

"பக்கத்து வீட்டுக்காரங்களோடது அண்ணி, அங்க ஆணி இல்ல" என்றாள் நாத்தனார் மொஹிரா, அதே நொடியில்.

சஞ்சார் முகம் கழுவப் போய்விட்டான். அப்போதுதானே கழுவிவிட்டு வந்திருந்தான். எலி கடித்ததை யாராவது கயிறு கட்டித் தொங்கவிடுவார்களா? ஆணி இல்லாத வீடும் உலகத்தில் உண்டா? பொய் சொல்வதென்றால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டாவது சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து எனக்கு எல்லாமே தப்பாகத் தெரிந்தது. மாமியார் என் தட்டில் கறியை அள்ளி அள்ளி வைத்தாள். எதையோ மறைக்கத்தான் என்று நினைத்தேன். நான் சஞ்சாரை "நீ, வா, போ" என்று பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மொஹிரா ஒவ்வொரு முறையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு மதியம் கேட்டாள்.

"ரயில் வேலைக்கு பென்ஷன் உண்டா?"

"உண்டு அத்தே."

"உடுப்பு அவங்களே குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்புறம் எதுக்கு அத விட்டுட்டு இங்க வந்து மாட்டுத் தொழுவத்த கூட்டணும்?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டுக்கு நான் வருவதில் இவளுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். மாட்டுக்குப் புல் போடும் சாக்கில் தினமும் கொல்லைப்பக்கம் போய் அவள் யாரிடமோ ஃபோனில் குசுகுசுவென்று பேசுவதையும் கவனித்திருந்தேன். மறுநாள் நானும் துணி உலர்த்தும் சாக்கில் போனேன். உஸ்பெக் பேச்சு எங்கள் கசாக் பேச்சுக்குப் பக்கத்து வீடுதான், வேகமாகப் பேசினால்தான் தப்பும். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போடி மகளே. அவன் வந்துட்டான்... இல்ல, இவளுக்கு ஒண்ணும் தெரியாது... சாப்பிட்டியா?"

நான் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றேன். மகளே! என்னை இதுவரை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

பெயர் கிடைத்தது நவ்ருஸுக்கான சுமலக் கூழ் கிண்டும்போதுதான். முளைக்கோதுமைச் சாறும் மாவும் எண்ணெயும் பெரிய அண்டாவில் கொதிக்க, அடிபிடிக்காமலிருக்கக் கூழாங்கல் போட்டு, தெருப் பெண்கள் எல்லாம் முறை வைத்துக் கிண்டுவார்கள். என் முறை வந்தது. பக்கத்து வீட்டு துர்சுனாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட்ட ஓட்ட போடுற கை இது, கரண்டிய எங்க புடிக்கப் போகுது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்பு தந்த தைரியத்தில் அவள் மேலே போனாள். "நிகோரா கிண்டினா கல்லு கடகடன்னு பாடும். அந்தப் பொண்ணு மருமகளா இருந்தப்போ..."

மாமியார் விறகுக்கட்டையைக் கீழே போட்டாள். அண்டாவில் கல் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

சஞ்சாரை மாட்டுத் தொழுவத்தில் பிடித்தேன்.

"நிகோரா யாரு?"

அவன் மாட்டின் காதைத் தடவினான். "முன்ன கட்டினவ. அது முடிஞ்சுபோன கத."

"என்கிட்ட சொல்லல."

"நீ கேட்டியா?"

இதற்கு அவனை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் ரொட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"இஸ்தான்புல்லுக்கு வீட்டு வேலைக்குப் போனா. போனவ திரும்பி வரல. நான் என்ன பண்ண முடியும்? ரொட்டிய தூக்கிப் போட முடியுமா சொல்லு. வேற யாராவது தின்ன முடியுமா? அதான் தொங்குது." என் தோளில் கை வைத்துச் சிரித்தான். "என்ன விட்டுட்டுப் போனவ மேல உனக்கு எதுக்கு பொறாம?"

அந்தச் சிரிப்புக்கு நான் மறுபடியும் இளகினேன். ஓடிப்போனவள் அவள், ஏமாந்தவன் இவன். அவளுக்காக இன்னும் ஆணியைக் காலி பண்ணாமல் வைத்துக்கொண்டு, ஃபோன் போட்டு வா வா என்று கெஞ்சுகிறவள் மாமியார். அவளைத் திரும்பக் கொண்டுவந்து இவன் தலையில் கட்டப் பார்க்கிறாள். எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைத்தேன்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள், மாமியார் சஞ்சாரைக் கேரட் வாங்கச் சந்தைக்கு அனுப்பினாள். வீட்டில் கூடை நிறையக் கேரட் இருந்தது. அவன் தெருமுனை திரும்பியதும் கதவு தட்டப்பட்டது.

வந்தவள் என்னைவிடச் சின்னவள். தலையில் நீலத் துணி, கை முழுக்கச் சலவை செய்து வெடித்த தோல். விருந்தாளிக்கென்று உள்ளே விரித்திருந்த இடத்துக்குப் போகாமல் வாசற்கதவை ஒட்டியே உட்கார்ந்தாள். யாரும் பெயர் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. மாமியார் நாற்காலி மேல் ஏறி அந்த ரொட்டியை இறக்கினாள்.

"தின்னுட்டுப் போயிடு மகளே" என்றாள். "பாக்கி இல்லாம தின்னுடு. மார்கிலான்ல இன்னொரு வீட்டுக்குப் போகப் போறவ, இங்க உன் வாய் பட்டது தொங்கக் கூடாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு அங்கே வேறு கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். கூப்பிட்டது இங்கே வைத்துக்கொள்ள அல்ல, அனுப்பிவைக்க. நிகோரா ரொட்டியை உடைக்க முடியாமல் முழங்காலில் வைத்து அழுத்தினாள். நான்தான் சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். தேநீரும் நானே ஊற்றினேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ ஏன் திரும்பி வரல?"

"யாரு வரல?" அவள் நிமிர்ந்தாள். "போன வசந்தத்துக்கே வந்துட்டேனே அக்கா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே அடுப்புல சுட்டத கடிச்சிட்டுத்தான் கிளம்புனோம். அவர் வடக்க, நான் மேக்க. வீடு கட்டணும்னு. ஒண்ணா வந்து ஒண்ணா திங்கலாம்னு அவருதான் சொன்னாரு. அதுக்கு முன்னாடி இஸ்தான்புல்ல ஒரு வேல நாள்ல துணி புழிஞ்சுட்டு இருந்தேன், அவர்கிட்டருந்து ஃபோன் வந்துச்சு. மூணு தடவ தலாக் சொல்லி முடிச்சிட்டாரு. அப்புறம் நம்பர மாத்திட்டாரு." ஒரு துண்டைத் தேநீரில் முக்கினாள். "திரும்பி வந்தப்போ ரெண்டும் இங்க தொங்குச்சு. அவரோடது அப்படியே இருக்கறப்போ நான் மட்டும் எப்படித் திங்கறது? இப்ப அவரோடது தீந்துருச்சாமே."

ஒரே பூ. ஒரே தேதி போட்ட இரண்டு டிக்கெட்டுகள். முதல் நாளே என் கண்ணில் பட்டும், நான் தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்து சஞ்சார் கேரட் பையோடு உள்ளே வந்தான். நிகோரா மென்றுகொண்டே இருந்தாள், ரொட்டி பல்லில் நறநறவென்றது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

கடைசித் துண்டு வரை தின்று, மடியில் சிந்திய துகளையும் விரலால் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு அவள் எழுந்தாள். மாமியாரைக் கட்டிப்பிடித்தாள். என்னிடம் தலையசைத்தாள். அவனைத் தாண்டிப் போகும்போது அவன்தான் ஒதுங்கி வழிவிட்டான்.

அன்று முழுவதும் நான் அவனோடு பேசவில்லை. அவன் என்னென்னவோ சொன்னான். அவள் மேல் தப்பு, தூரத்தின் மேல் தப்பு, காலத்தின் மேல் தப்பு. சிரித்தும் பார்த்தான். இந்த முறை நான் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை பெட்டிகளைக் கட்டியாயிற்று. மாமியார் அடுப்பிலிருந்து சூடாக இரண்டு ரொட்டிகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். சுவரில் இரண்டு ஆணிகளும் காலியாக இருந்தன. சஞ்சார் ஒன்றை எடுக்கக் கை நீட்டினான்.

"ரெண்டு எதுக்கு அத்தே?" என்றேன். "ஒண்ணு போதும். ஒரே ரொட்டியில ரெண்டு பேரும் கடிக்கிறோம். ஒருத்தர விட்டு ஒருத்தர் வந்து திங்க முடியாதில்ல?"

"அப்படி எங்கயும் வழக்கம் கெடையாது" என்றான் அவன்.

"இருக்கட்டும், இனிமே உண்டாக்கிக்கலாம்."

நான் முதலில் கடித்தேன். நன்றாக வாய் நிறையக் கடித்தேன், உதடு சுட்டது. ரொட்டியை அவனிடம் கொடுத்தேன். அவன் அதை இப்படியும் அப்படியும் திருப்பினான். வெளியே கார்க்காரன் ஹாரன் அடித்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஓரத்தில் மட்டும் கொறித்துவிட்டு, "வா, நேரமாச்சு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

போன தடவை பாதியை முழுங்கியவன்! நானும் மாமியாரும் அந்த ரொட்டியைப் பார்த்தோம். இந்த முறை எலி கடித்தது என்று யாராவது சொன்னால் நம்பலாம்.

அவள் கயிறு கட்டி அதை முதல் ஆணியில் மாட்டினாள். பிறகு என் தலைத்துணியைச் சரிசெய்கிற மாதிரி கிட்டே வந்து, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்.

"மகளே, அந்த ரயில் வேலைய மட்டும் விட்டுடாத."