வாசலில் ஆறு குடைகள்

வாடகைக்கு விட முதன்முதலாக ஒரு கட்டடம் வாங்கலாமென்று ஒசாகாவில் அலைந்துகொண்டிருந்தேன். தரகர் குவபாரா ஆறு வீடுகள் கொண்ட கட்டடம் ஒன்றைக் காட்டினார். ஒன்றுகூடக் காலியில்லையாம். ரயில் நிலையத்திலிருந்து இவ்வளவு தூரத்திலா? எனக்கு உறுத்தியது.

ஜன்னல்களில் திரை, வாசலுக்கு வாசல் மாட்டிய ஒரு குடை. ஆறு வீட்டு அழைப்பு மணிகளையும் அழுத்திப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

"எல்லாரும் காலையிலயே வேலைக்குக் கிளம்பிட்டாங்க மேடம். தங்கமான ஆளுங்க."

விடிவதற்கு முன்பிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் காலுறைகூடத் தொப்பலாகியிருந்தது.

"அப்போ ஆறு பேரும் குடைய வாசல்லயே மாட்டிட்டு, நனைஞ்சுக்கிட்டா போனாங்க, குவபாரா சார்?"