ராணிக்குப் பதிலாக நின்றவள்

வால்புர்காவுக்குக் கால் மரத்துப்போய் வெகுநேரமாகிவிட்டது. தோளிலிருந்து தரைவரை புரண்ட நீல வெல்வெட் மேலங்கி கோதுமை மூட்டையாய்க் கனத்தது. அது ராணி முடிசூட்டு விழாவில் அணிந்தது. வேறு யாராவது போட்டுப் பார்த்தால் சிறைதான் என்று, அதைக் கொண்டுவந்து கொடுத்த அரண்மனை அதிகாரி எச்சரித்துவிட்டே போயிருந்தார்.

ராணிக்குத் தன் ஓவியத்துக்காக முகம் காட்டி உட்கார மட்டுமே நேரமிருந்தது. மற்றதை, மேலங்கியை மரப்பொம்மைக்குப் போர்த்தி வரைந்துகொள்ள வேண்டும். ஆனால் பொம்மையின்மேல் வெல்வெட் விறைத்துக்கொண்டு நின்றது. அதனால்தான் ஓவியன் யோவாகிம் கதவைத் தாழிட்டுவிட்டு மனைவியை நிறுத்தியிருந்தான்.

"மூச்சு விடாதடி, மடிப்பு கலையுது."

"நான் என்ன உங்க மரப்பொம்மையா?"

"பொம்மை இப்படி வாயாடாது."

வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. ராணியேதான்! யோவாகிம் மனைவியின் முதுகுப்பக்கம் பாய்ந்தான். மேலங்கியில் குத்தியிருந்த ஊசிகளில் ஒன்றுகூட அவசரத்தில் அகப்படவில்லை. கதவு தட்டப்பட்டது. திறக்காமலிருக்க முடியுமா?

ஒரு தோழியோடு உள்ளே வந்த ராணி, மண்டியிட முயன்று தடுமாறிய வால்புர்காவைக் கண்டுகொள்ளவேயில்லை. நேராகப் படத்தின் முன் போய் நின்றாள்.

"இந்த வயிறு யாரோடது?"

"அது... துணி மடிப்பு, மகாராணி" என்றான் யோவாகிம்.

"மடிப்பு எது, வயிறு எதுன்னு எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா எல்லாரும் என்னை அங்கதானே பாக்கறாங்க." ராணி திரும்பினாள். "எத்தனை மாசம்?"

வால்புர்கா கணவன் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "நாலு, மகாராணி."

யோவாகிம் கண்ணில் பட்டதை வரைந்திருந்தான். அது என்னவென்று அவனுக்கே தெரியவில்லை.

"புருஷன்கிட்ட சொல்லலையா?"

"ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டும் தங்கலை."

ராணி தோழியிடம், "ஊசியைக் கழட்டி இவளை உக்கார வை" என்றாள். யோவாகிமிடம், "வயித்தை இன்னிக்கே எடுத்துடுங்க. யாராவது பாத்துட்டா வாரிசு வரப்போகுதுன்னு ஊரெல்லாம் மணியடிச்சுடுவாங்க. அப்புறம் பிள்ளைக்கு நான் எங்க போவேன்? இனிமே நானே வந்து நிக்கிறேன்."

வண்டி போனபின் யோவாகிம் தூரிகையில் நீலத்தைத் தோய்த்தான். அந்த இடத்தில் வைக்கக் கை வரவில்லை.

"சாயந்தானே, அழிங்க" என்றாள் வால்புர்கா, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. இரு கைகளும் வயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன.

மார்ச்சில் மகள் பிறந்து வீறிடும்வரை, வயிற்றை அழித்து அரண்மனைக் கூடத்தில் மாட்டிய அந்தப் படத்தைப் போய்ப் பார்க்க அவள் ஒப்பவேயில்லை.