புழுதிச் சுவர்

என் நாத்தனாரைக் குடும்பத்தில் எல்லாரும் கிறுக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் வீட்டுச் சுவர் முழுக்கக் கரியால் கிறுக்கி வைத்ததால் வந்த பெயர். வளர்ந்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் ஆன பிறகு அதே பெயருக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொண்டது. அவள் இரண்டுக்கும் கோபித்துக்கொண்டதில்லை. படத்தின் மூலையில் கையெழுத்தே அப்படித்தான் போடுவாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து ஹோட்டல்களுக்குப் படம் வரைவாள். ஹோட்டல்காரர்களுக்கு எப்போதும் பாலைவனம்தான் வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மணல்மேடு, அதன்மேல் வரிசையாக ஒட்டகங்கள். பழைய காலண்டரைப் பார்த்து வரைவாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். அந்த ஒட்டகங்கள் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கும், எந்தப் படத்திலும் போய்ச் சேர்ந்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் டீ கொண்டுபோனபோது பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, எத்தனை பாலைவனம் வரைஞ்சிருப்பேன். நான் மணலை மிதிச்சதே இல்லை."

அப்போதுதான் நான் ஆம்புலன்ஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டினவளை வீட்டில் உட்கார வைத்தால் அவள் துணி காயப்போடுவதைக்கூட உயிர் போகிற அவசரத்தில்தான் செய்வாள். எனக்கும் ஒத்துவரவில்லை, வீட்டில் மற்றவர்களுக்கும் ஒத்துவரவில்லை.

"அதுக்கென்ன, போய் மிதிச்சுட்டு வருவோம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் தையல்காரர். மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "தெருமுனையில வீடு கட்டுறாங்க, ஒரு லோடு கொட்டியிருக்கு. போய் மிதிச்சுட்டு சாப்பிட வாங்க."

நாங்கள் தெருமுனைக்குப் போகவில்லை. ஒரு பேக்கரிக்காரர் கழித்துப்போட்ட ரொட்டி வண்டியை வாங்கினோம். முன்னால் இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம். பின்னால் ரொட்டித் தட்டுகளைச் செருகும் கம்பி அடுக்கை அப்படியே விட்டுவிட்டோம். ஈரம் காயாத படங்களைத் தட்டுபோல ஒவ்வொன்றாகச் செருகி வைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. அவள் வேலையை விட்டாள். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்குத் திரைச்சீலையும், பக்கவாட்டில் கட்டி இழுத்துவிட ஒரு பந்தல் துணியும் இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக்கொடுத்தார்.

"மணலைக் கயிறாத் திரிக்கப் போறாங்க ரெண்டு பேரும்" என்று அவர் வாசலில் நின்று அக்கம்பக்கத்தில் சொல்வது காதில் விழுந்தது, வண்டிக் கண்ணாடியிலும் தெரிந்தது.

பாலைவனத்தில் முதல் மாதம், அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றியது. படத்தைத் தாங்கும் மூன்றுகால் சட்டத்துக்கு ஈசல் என்று பெயராம். பெயருக்கேற்ற மாதிரி அது லேசாகக் காற்று அடித்தாலே பறந்தது. நான் மணலில் ஓடி ஓடிப் பிடித்துக்கொண்டு வருவேன். காலையில் ஒரு மேட்டை வரைய ஆரம்பித்தால் நிழல் ஊர்ந்துபோய் வேறு மேடு ஆகிவிடும். ஈரப் பெயின்டில் மணல் ஒட்டும், பூச்சி ஒட்டும்.

அதையெல்லாம்விடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. வெயிலில் நின்று வரைந்து முடிக்கும்போது படம் பொன்னாகத் தகதகவென்று இருக்கும். வண்டிக்குள் கொண்டுவந்து பார்த்தால் அடிப்பிடித்த பாத்திரம்போலக் கறுத்துக் கிடக்கும். வெளியே பார்த்த நிறம் எங்கே போனது என்று இருவருக்கும் விளங்கவில்லை. அவள் கத்தியை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டிவிடுவாள். கான்வாஸில் கத்தி போகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்பில் முட்டை பொரிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"என்ன வரைஞ்சா?"

"நிறைய."

"காட்டு பார்ப்போம்."

நான் பேச்சை மாற்றினேன். அவர் விடவில்லை. "அவகிட்ட சொல்லு. பின்னறை அப்படியேதான் இருக்கு, நான் ஒண்ணையும் தொடலைன்னு."

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்திலிருந்த கிறுக்கிக்கும் அது கேட்டிருந்தது; நான் போனை வைத்ததும் அவள் முகம் இறுகிப்போனது. எழுந்து வெளியே போய், வண்டியின் நிழலில் மணலில் உட்கார்ந்தாள். கையில் கலர் பலகை இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதை நிழலிலிருந்து வெயிலுக்கு நீட்டினாள். மறுபடி நிழலுக்கு இழுத்தாள். மறுபடி நீட்டினாள். பைத்தியம் முற்றிவிட்டது என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணி, வெயில் என்னை ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கு" என்றாள் மெதுவாக. "வெயில் மேல பட்டா எந்தக் கலரும் வெளிச்சமாத்தான் தெரியும். அதை நம்பி நான் கறுப்பைக் கலந்துக்கிட்டே போயிருக்கேன். மணல்மேடு வெயில்ல நிக்கட்டும். படமும் பலகையும் நிழல்ல இருக்கணும்."

"நிழலுக்கு எங்க போறது? ஒரு மரம்கூட இல்லையே."

அவள் வண்டியைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான்தான் அவளுக்கு மரம். வண்டியை அவள் சொன்ன பக்கம் நிறுத்தி, பந்தல் துணியை இழுத்துக் கட்டுவேன். சூரியன் நகர்ந்தால் வண்டியும் நகரும். காற்று திசை மாறினால் வண்டியை அதற்குக் குறுக்கே போடுவேன். ஈசலின் கால்களைப் பழைய ஸ்ட்ரெச்சர் பெல்ட்டால் தரையில் அடித்த முளையோடு சேர்த்துக் கட்டினேன். பழைய சினேகிதத்துக்காக ஆம்புலன்ஸ் பட்டறையில் கேட்டு வாங்கி வந்த பெல்ட்கள் அவை. ஒரு பொத்தானை அமுக்கினால் கழன்றுவிடும்.

படங்கள் தேற ஆரம்பித்தன. ஆரஞ்சு என்று நாங்கள் நினைத்திருந்த மணலில் காலையில் ரோஜா நிறம் இருந்தது, மத்தியானம் எலும்பு நிறம், நிழலில் நல்ல நீலம். கத்திச் சத்தம் குறைந்தது. ரொட்டி அடுக்கு நிரம்பியது. ஆனாலும் ஒரு படத்தையாவது முடிந்தது என்று அவள் சொல்லி நான் கேட்கவில்லை. "இருக்கட்டும், பார்க்கலாம்" என்று செருகி வைப்பாள்.

வண்டிக்குள் பாதி இடத்தை அடைக்கிற அளவுக்கு, படம் வரைவதற்கான ஒரு பெரிய மரப்பலகையும் எங்களோடு வந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பூச்சுப் பூசித் தயாராக வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டால் "வரும்" என்பாள். எழும்போதும் உட்காரும்போதும் என் தலை அதில்தான் இடிக்கும்.

"இதுல சீக்கிரம் ஏதாவது வரை, இல்லைன்னா அடுப்புல வச்சுடுவேன்" என்று நான் மிரட்டிக்கொண்டிருந்தேன்.

அது வந்தது ஒரு பிற்பகலில். நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு பாறை மேட்டின்மேல் நின்றிருந்தோம். கீழே சாலையில் லாரிகள் வரிசையாக விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ப்பக்கம் விரைந்தன. ஒரு டேங்கர் லாரி மட்டும் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"ஏம்மா, அங்க என்ன பண்றீங்க? புழுதிப் புயல் வருது. பெட்ரோல் பங்குக்குப் போயிடுங்க."

திரும்பிப் பார்த்தோம். அடிவானம் இருந்த இடத்தில் ஒரு சுவர் நின்றது. இடமிருந்து வலம் வரைக்கும், வானத்தில் பாதி உயரத்துக்கு. பழுப்பாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடியில் கத்தரிப்பூ நிறம், நடுவில் செங்கல், மேலே சதை நிறம். உச்சி ஓரத்தில் மட்டும் சூரியன் பட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றினாற்போல ஒரு கோடு. எங்கள் பக்கம் காற்றே இல்லை. துணி அசையவில்லை.

கிறுக்கி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டிக்குள் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தாள்.

மற்றவர்கள் விட்டு ஓடுகிற திசையில் வண்டி ஓட்டுவதுதான் ஆயுள் முழுக்க என் பிழைப்பாக இருந்தது. ஆனால் கண்மூடித்தனமாக ஒருநாளும் ஓட்டியதில்லை. சுவர் எந்தக் குன்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது, அடுத்த குன்றை எப்போது விழுங்குகிறது என்று பார்த்தேன். எங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. அதிகமில்லை.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுன்னு சொல்லுவாங்க" என்றேன். "இது அதுக்கு முன்னாடி கிடைச்ச நேரம். பலகையை எடு. நான் ஹார்ன் அடிச்சா கையில இருக்கிறதைப் போட்டுட்டு வந்துடணும். மறுபேச்சு கூடாது."

"சரி அண்ணி."

வண்டியை ஒரு பாறையை ஒட்டி, மூக்கு புயலைப் பார்த்தபடி நிறுத்தினேன். கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். பலகையை வண்டியின் நிழல் பக்கத்தில் நிமிர்த்தி பெல்ட்களால் கட்டினோம். பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள்.

பின்னறையில் உட்கார்ந்து ஒட்டகக் கால்களை எண்ணி எண்ணி வரைந்தவளா இவள் என்று எனக்கே சந்தேகம் வந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கிற அகல பிரஷ்ஷால் அடித்தாள். துணியால் இழுத்தாள். பிரஷ் தேடக்கூட நேரமில்லாமல் உள்ளங்கையால் கத்தரிப்பூ நிறத்தை அப்பித் தேய்த்தாள். ஒருமுறை சுவரைப் பார்ப்பாள், மூன்று முறை கை போகும். தயக்கம் என்பதே இல்லை.

கடைசிக் குன்று மறைந்தது. ஹார்ன் அடித்தேன்.

அவள் வரவில்லை. மறுபடி அடித்தேன். தலை திரும்பவில்லை. முதல் காற்று வந்து வண்டியை உலுக்கியது. நான் குதித்து இறங்கிப் பின்னால் ஓடினேன். சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவது என்றுதான் ஓடினேன்.

"அந்த ஓரம், அண்ணி" என்றாள், கண்ணை எடுக்காமல். "அந்த ஓரம் மட்டும்."

படத்தைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, உச்சியில் அந்த வெளிச்சக் கோடு மட்டும் இல்லை. அது இல்லாமல் அது வெறும் சுவர். அவள் கையிலிருந்த கலர் பலகையைக் காற்று பிடுங்கப் பார்த்தது. நான் அதை இரண்டு கையாலும் பிடித்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் மஞ்சளையும் வெள்ளையையும் ஒரே அள்ளலில் எடுத்தாள். கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பில் போனது.

நான் பொத்தான்களை அமுக்கினேன். பலகையைத் தூக்கி உள்ளே தள்ளி, நாங்களும் விழுந்து, கதவைச் சாத்தினோம்.

பகல் அணைந்தது. வண்டி படகுபோல ஆடியது. கூரைமேல் கட்டியிருந்த ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு உருண்டு போவது கேட்டது. நடுவில் பலகை, அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, ஈரத்தில் எதுவும் உரசிவிடாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கதவிடுக்கு வழியாகப் புழுதி பீறிட்டு வந்தது. இருமினோம்.

இருட்டில் அவள் குரல் வந்தது. "நம்ம வாயில மண்ணு, அண்ணி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க இன்னும் மண் உள்ளே போனது. அந்த ஆட்டத்திலும் இருவரும் பலகையை விடவில்லை.

வெளிச்சம் திரும்பியபோது கதவைத் தோளால் முட்டித் திறந்தேன். பலகையை வெளியே எடுத்து நிழலில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் பின்னால் நகர்ந்து பார்த்தோம்.

அது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கை தேய்த்த இடத்தில் புழுதி சுருண்டது. அடிப்பகுதியில் நிஜ மணலே ஒட்டிச் சொரசொரத்தது. உச்சியில் அந்தக் கோடு எரிந்தது. நான் என்னை அறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

அவள் குனிந்து கத்தியை எடுத்தாள். சுரண்டப்போகிறாள் என்று தடுக்கக் கையை நீட்டினேன். அவள் அதைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"முடிஞ்சது" என்றாள்.

பெட்ரோல் பங்கின் உணவு விடுதியில் புயலுக்கு ஒதுங்கிய கூட்டம் நிரம்பியிருந்தது. எல்லாரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். வண்டிக்குள் கொட்டிய மண்ணைக் கூட்டுவதற்காகப் பலகையை இறக்கி வாசல் சுவரில் சாய்த்தேன். கூட்டி முடித்துத் திரும்பினால் அதன் முன்னால் ஆட்கள் நின்றார்கள். டீ டம்ளரோடு ஒருவர், குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண், பிறகு வரிசையாகப் பத்துப் பதினைந்து பேர்.

அந்த டேங்கர் டிரைவரும் வந்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு, "நான் இதுக்குள்ளதான் இருந்தேன்" என்றார். "பயத்துல கண்ணைத் திறக்கலை. இப்பத்தான் பார்க்கிறேன்." பிறகு கிறுக்கியைத் தேடிப் பிடித்து, "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு" என்றாள் அவள். "அதையும் பூசிட்டேன்."

விடுதிக்காரம்மா உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டு அவளை உட்காரச் சொன்னாள். யாரோ எடுத்த போட்டோ கைமாறி, ஊர் மாறி, தலைநகரக் கலைக்கூடத்து மேலாளர் கண்ணில் பட்டது. குளிர் காலம் தொடங்கும்போது எங்கள் ரொட்டி அடுக்கு மொத்தமும் அந்தக் கூடத்தின் சுவர்களில் இருந்தது. கடைசிச் சுவர் முழுக்கப் புழுதிச் சுவர்.

திறப்பு நாளில் என் வீட்டுக்காரர் புதிதாகத் தைத்த சட்டையோடு வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றவர் நகரவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"இவ்வளவு கிட்டயா நின்னீங்க ரெண்டு பேரும்?" என்றார். குரலில் கோபம் இருந்தது, வேறு என்னவோ ஒன்றும் இருந்தது.

பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெரியவர், "யார் வரைஞ்சதுன்னு தெரியுமா?" என்று அவரிடம் கேட்டார்.

"என் தங்கச்சி" என்றார் அவர். அந்தப் பெரியவருக்குக் காது கேட்காதோ என்னவோ என்பதுபோல, கூடம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவையும் சொன்னார்.

அந்தப் பக்கம் கிறுக்கியைச் சுற்றி ஒரு கூட்டம். அவள் கையை ஆட்டி ஆட்டி வெயிலையும் நிழலையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

கூடத்தில் விளக்கை அணைத்த பிறகு நாங்கள் வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, பந்தல் துணியின் தையலை இழுத்துப் பார்த்தார். "காத்துல பிரிஞ்சிருக்கு. ஆள் கூட இருந்தா அப்பப்ப தச்சுக்கலாம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"மிஷினை வீட்டுல விட்டுட்டு வர்றதா இருந்தா இடம் இருக்கு" என்றேன்.

"கை ஊசி போதும்."

மறுநாள் காலை மூன்று பேராகக் கிளம்பினோம். நடுவில் உட்கார்ந்து, வேகமாகப் போகாதே, லாரி வருது பார் என்று எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார் மனுஷன். சாலை ஒரு உப்பு ஏரியைச் சுற்றித் திரும்பியது. தரை முழுக்க வெள்ளை, அதன்மேல் மெல்லிய பச்சை.

"நிறுத்துங்க அண்ணி" என்றாள் கிறுக்கி.

நான் நிறுத்தி, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து, வண்டியைத் திருப்ப ஆரம்பித்தேன்.